நடு ஏரியில் ஒரு நேர்காணல்

"இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு இன்டர்வியூ! அந்த ஸ்பீக்கரை யாராச்சும் நிறுத்துங்களேன்!"

நந்தினி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. ஏரிக்கரையில் இருந்த கோட்டைக்குப்பத்தில் அன்று ஆடிக்கூழ்த் திருவிழா. அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒன்றை அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பாட்டு வரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

அவள் அம்மா அமுதவல்லி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். "சாமி காரியம்டி. வாய வெச்சிகினு சும்மா இரு."

"சாமிக்கு வேலை கீது. எனக்கு இல்லியே!"

நந்தினிக்கு இப்போதெல்லாம் கோபம் தவிர வேறு எதுவும் வருவதில்லை. சென்னையில், ஆன்லைனில் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். உடைந்த டம்ளர் வந்தவன், ஒற்றைக்கால் செருப்பு வந்தவன், ஒன்றுமே வராதவன் எல்லாரும் போனில் அவளைத் திட்டுவார்கள். அவள் தேன் மாதிரிக் குரலில், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பாள். "நீ பேசுறது எல்லாத்தையும் பதிவு பண்ணு, டிரெய்னிங்குக்கு ஆவும்" என்று மேனேஜர் சொன்னபோது, புதிதாக வரும் பெண்களுக்காக்கும் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள்.

டிரெய்னிங் எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் அடையாள அட்டையைத் தேய்த்தாள், கதவு திறக்கவில்லை. காரணம் கேட்க அந்தக் கம்பெனியின் புகார் எண்ணுக்கே போன் போட்டாள். அவளுடைய இழுவை, அவளுடைய இடைவெளி, எல்லாம் அப்படியே இருக்க, ஒரு குரல் சொன்னது: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அன்றைக்குப் பிடித்த கோபம்தான். அடுப்பு எரியவில்லையா, ஆடு வாசலில் நின்றதா, எல்லாவற்றிடமும் சண்டை. வேலை தேடிப் போன ஓர் இடத்தில் "அனுபவம் பத்தாது" என்றார்கள். அடுத்த இடத்தில் "அனுபவம் ஜாஸ்தி" என்றார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியதிலிருந்து ஏரியில் இறால் இல்லை. அவள் நைனா கங்காதரன் வலையைக் கரையில் போட்டுவிட்டு, யாருடைய படகுக்கோ கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வீடு ஓடியது அவள் சம்பளத்தில்தான்.

இப்போது மிக்ஸி, கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். போனிலேயே வீடியோ நேர்காணல். பத்து மணிக்கு இணைப்பைத் தட்டினால் அதிகாரி வருவார் என்று செய்தி வந்திருந்தது.

நந்தினி கோயிலுக்கு ஓடினாள். மைக் செட் தருமலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்துங்க மாமா. எனக்கு வேலைக்கு இன்டர்வியூ."

"அட, இதுக்கு இன்னாம்மா! நிறுத்திட்டாப் போச்சு."

உடனே நிறுத்தினார். அவள் நன்றி சொல்லிவிட்டு வீட்டு வாசலை மிதிப்பதற்குள் ஒலிபெருக்கி செருமியது.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நம் ஊர் கங்காதரன் மகள் நந்தினிக்கு வேலை போய்விட்டபடியால், போன் மூலம் இன்டர்வியூ நடைபெற இருக்கிறது. எனவே பொதுமக்கள் அனைவரும் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அறிவிப்பு என்றால் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது தருமலிங்கத்தின் தொழில் தர்மம். இரண்டாம் முறை "வேலை போய்விட்டபடியால்" என்பதை இன்னும் நிறுத்தி, அழுத்திச் சொன்னார்.

லீவில் வந்திருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

அமைதி காக்கச் சொன்ன பொதுமக்கள் அத்தனை பேரும் அவள் வீட்டில் வந்து அமைதி காத்தார்கள். ஒருத்தி கூழ் கொண்டுவந்தாள். ஒருத்தி, "ஏண்டி, இன்னா தப்பு பண்ணே? சும்மாவா தொரத்துவானுங்க?" என்று காதோடு கேட்டாள். இன்னொருத்தி, "நல்லா அழுதுடு நந்தினி, அழுதா குடுத்துடுவானுங்க" என்று யோசனை சொன்னாள்.

"எல்லாரும் வெளிய போங்க!"

கதவைச் சாத்தினாள். சாத்தியதும் போனில் சிக்னல் போனது. அந்த வீட்டில் சிக்னல் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. கதவைத் திறந்தாள். சிக்னலும் வந்தது, பொதுமக்களும் வந்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் சித்தப்பா முனியன் வந்தார். "இங்க இன்னாத்துக்கு மல்லுக்கட்டிகினு கீற? வா, நம்ம போட்டுல போலாம். நடு ஏரில மீனு இல்லாட்டியும் டவர் நல்லா கீது. ஒரு ஈ காக்கா வராது."

அது உண்மைதான். வேறு வழியும் இல்லை. அவள் இஸ்திரி போட்ட சுடிதாரோடு படகில் ஏறினாள். முனியன் மோட்டாரை முடுக்கிய முடுக்கில் ஏரி பாதி அவள் மேல் வந்து விழுந்தது. கரையிலிருந்து ஊரே கையாட்டியது. பத்து மணிக்குச் சற்று முன் முனியன் மோட்டாரை அணைத்தார். அணைத்த வேகத்தில் படகு வழுக்கிக்கொண்டு போய்ச் சேற்று மேட்டில் ஏறி உட்கார்ந்தது.

"சித்தப்பா!"

"ஒண்ணும் ஆவல. நீ பேசு, நான் எறங்கித் தள்றேன்."

"தள்ளுங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

முனியன் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நந்தினி முகத்தைத் துடைத்தாள், இணைப்பைத் தட்டினாள்.

திரையில் ஓர் ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும். படிய வாரிய தலை, கழுத்தை இறுக்கும் டை, பின்னால் வெள்ளைச் சுவர். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதைப் பார், என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டே நந்தினி சிரித்தாள்.

"வணக்கம் சார்."

"வணக்கம் மேடம்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அதிகாரிகள் இப்படி மௌனமாக இருந்தே ஆளை எடை போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவளும் பொறுத்துப் பார்த்தாள். கொக்கு ஒன்று வந்து படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டுப் போனது.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"உங்க விருப்பம் மேடம்."

என் விருப்பமா? என் விருப்பத்தைக் கேட்டா இந்த உலகம் நடக்கிறது? அவள் பல்லைக் கடித்தாள்.

"என் பேர் நந்தினி. புகார்ப் பிரிவுல மூணு வருஷம். எவ்வளவு கோபமான கஸ்டமரா இருந்தாலும் சமாளிச்சிருக்கேன்."

"நான் கேசவன் மேடம். உங்க அனுபவம் ரொம்ப ஜாஸ்தி மேடம்."

ஜாஸ்தி! இவனும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டான். வெளியே அனுப்புவதற்கு முதல் படி இதுதான். நந்தினிக்குக் காது சூடாகியது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். வீட்டில் அரிசி வாங்க வேண்டும்.

"சார், கஸ்டமரை எப்படி நடத்தணும்னா…"

"முழுசாப் பேச விடணும் மேடம். குறுக்கப் பேசவே கூடாது" என்று அவன் குறுக்கே பேசினான்.

"சரிதான் சார்."

அவன் அவளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தான். பிறகு பல் தெரியச் சிரித்தான்.

"உங்க பேக்ரவுண்டு ரொம்ப வித்தியாசமா இருக்கு மேடம். மீன் படகெல்லாம் வச்சி."

அவ்வளவுதான்.

"இன்னா சார் சிரிக்கிற?" மூன்று வருடமாகக் கட்டிக்காத்த ஆபீஸ் தமிழ் ஏரிக்குள் விழுந்தது. "ஆமா, மீன் புடிக்கிற குடும்பம்தான்! எங்கம்மா கூடை தூக்கித்தான் என்னப் படிக்க வெச்சிது! அதுல இன்னா சிரிப்பு உனக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது மேடம்."

"இன்னா புரியுது? இன்னா புரியுது உனக்கு?"

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்."

"அது என் டயலாக்குய்யா!"

நந்தினி படகில் எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. தள்ளிக்கொண்டிருந்த முனியன் கையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"நானே ஒரு நாளைக்கி நூறு தபா சொல்வேன் அத! வருந்துறேன் வருந்துறேன்னு சொல்லிக் குடுத்தீங்களே, ஒருத்தனாச்சும் நெஜமா வருந்தினீங்களா? எங்கொரல எடுத்து மிஷினுக்குள்ள போட்டுகினு, என்ன வெளிய தள்ளிக் கதவ சாத்துனீங்களே! தப்புப் பண்ணியான்னு ஊர்ல கேக்குறாங்க. நான் இன்னான்னு சொல்றது? நல்லா வேல செஞ்சேன், அதான் தப்புன்னு சொல்றதா?"

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம் மேடம்."

"நியாயம்னு தெரியுதில்ல? அப்புறம் ஏன் பண்றீங்க? ஒருத்தன் பத்தாதுன்றான், ஒருத்தன் ஜாஸ்தின்றான். எவ்ளோதான்யா வேணும் உங்களுக்கு? அளந்து எடுத்துகினு வரேன்!"

"கண்டிப்பா மேலிடத்துக்குக் கொண்டு போறேன் மேடம்."

"மேலிடம்! எங்க கீது அந்த மேலிடம்? நானும் மூணு வருஷம் எல்லாரையும் மேலிடத்துக்குக் கொண்டு போறேன்னு சொன்னேன். ஒரு நாளாச்சும் அதக் கண்ணால பாத்ததில்ல!"

அவனுக்கு நெற்றியில் வேர்த்து, டைக்குள் இறங்கியது. கைகளை மட்டும் பிரிக்கவேயில்லை. மெல்லிய குரலில், "அந்த வலி எனக்கும் தெரியும் மேடம்" என்றான்.

"உனக்கு எப்டிய்யா தெரியும்? ஏசி ரூமுல உக்காந்துகினு இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வாணாம்!"

இதற்கு மேல் முனியனால் பொறுக்க முடியவில்லை. சேற்றுக்கையோடு போனைப் பிடுங்கினார். சட்டை போடாத உடம்பு, தலையில் துண்டு, முகமெல்லாம் சேறு.

"யோவ், எங்க பொண்ண இன்னான்னு நெனச்சே?"

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"வணக்கம் சார்! நீங்களும் வருவீங்கன்னு எதிர்பார்க்கல சார். ரொம்ப எளிமையா இருக்கீங்க சார்."

முனியன் திகைத்தார். ஐம்பது வருட வாழ்க்கையில் அவரைப் பார்த்து டை கட்டியவன் யாரும் எழுந்து நின்றதில்லை. "பையன் தங்கமான பையனா கீறான். பாவம், அவன ஏன் போட்டுக் கத்தற?" என்று போனை நந்தினியிடமே கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

ஏரி அமைதியாக இருந்தது. கரையிலிருந்து மறுபடி பாட்டு மெல்லிசாகக் கேட்டது. பொறுமை இழந்த தருமலிங்கம் ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். நந்தினி பலகையில் உட்கார்ந்தாள். தொண்டை எரிந்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவள் நெஞ்சில் எரிச்சல் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள்.

கொட்டிய பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது. அம்மா கூடையை மறுபடி தலையில் ஏற்றுவது கண்ணில் தெரிந்தது. இப்போது கரைக்குப் போனால் ஊர் முழுக்க, "இன்னா ஆச்சு?" என்று கேட்கும். என்ன சொல்வாள்? வேலை கொடுக்க வந்தவனை, யார் மேலோ இருந்த கோபத்துக்குக் கிழித்துத் தொங்கப்போட்டுவிட்டேன் என்றா? அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. இணைப்பைத் துண்டிக்கவுமில்லை. இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தான்.

"உக்காருங்க சார்" என்றாள்.

"தேங்க்ஸ் மேடம்." உட்கார்ந்தான்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவாயில்ல மேடம். இது வழக்கம்தானே."

வழக்கமா? எத்தனை பேர் இவனைத் திட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது நந்தினிக்கு அவன்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தானாகவே பழைய தேன் குரலுக்குப் போனது.

"முடிவை மட்டும் மறைக்காம சொல்லிடுங்க சார். எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன். வேலை உண்டா, இல்லையா?"

திரையில் அவன் நாற்காலி நுனிக்கு வந்தான். கட்டிய கைகளை முதல்முறையாகப் பிரித்து, கும்பிடுவது போல் சேர்த்துக்கொண்டான்.

"அதை நீங்கதானே மேடம் சொல்லணும்? கோபமான கஸ்டமர் மாதிரியே நடிச்சு டெஸ்ட் வெச்சீங்க, நானும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம சமாளிச்சேன். எனக்கு வேலை போயி ஒரு வருஷம் ஆச்சு மேடம், தயவு செஞ்சு சொல்லுங்க, நான் பாஸா?"