‘ஆஃப் பண்ணாதே’ அக்காவும் நிரம்பி வழிந்த மெமரியும்

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் மனித குலம் முழுவதையும் எதிர்த்துத் தன்னந்தனியாக நின்ற ஒரே பெண்மணி எங்கள் ‘ஆஃப் பண்ணாதே’ அக்காதான்.

தி.நகரில் ஜவுளிக்கடைக் கூட்டம் வழிதவறி வந்து முட்டிக்கொண்டு திரும்பும் சந்து ஒன்றில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே முன்மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பத்திரிகையில் எழுதுவது அதற்கப்புறம் வந்த கெட்ட பழக்கம். எங்கள் மொத்தக் கூடமும் சர்வர் என்ற ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரை நம்பி ஓடியது. ரத்தம் சோதிக்கும் மெஷின்கள் அதற்குள்தான் கணக்கை அனுப்பும்; ரிப்போர்ட் அதிலிருந்துதான் வெளியே வரும். அதைப் பார்த்துக்கொள்ள சைதாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் அக்கா. கம்ப்யூட்டர் படித்தவர். குரல், மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வரும்போதும் கேட்கும்.

வந்த முதல் நாளே, சர்வரின் பவர் பொத்தான் மேல் தன் டிபன் பாக்ஸ் மூடியை வைத்து டேப் போட்டு ஒட்டினார். பாக்கி நாளெல்லாம் மூடியில்லாத டிபன் பாக்ஸில்தான் அவருக்குச் சாப்பாடு வந்தது. தினமும் காலையில் புறங்கையை சர்வர் மேல் வைத்து, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் பார்ப்பார். “நல்லாக்கீறான்” என்று அவர் அறிவித்த பிறகுதான் எங்களுக்கு நாளே தொடங்கும்.

அந்த மூடி யாருக்காக என்றால், கூடத்தின் சொந்தக்காரரான டாக்டரின் மைத்துனருக்காக. நிர்வாகம் அவர் கையில். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறவர். ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தார்.

“மெமரி தொண்ணூறு பர்சன்ட் தாண்டிடுச்சும்மா! எப்ப வேணா நின்னுடும்! ஆஃப் பண்ணி...”

“ஆஃப் பண்ணாதே!” என்றார் அக்கா. தெருவில் ஒரு ஆட்டோ பிரேக் போட்டது. “சார், ரங்கநாதன் தெருவுல பொடவ எடுத்துக்கீறீங்களா?”

“எடுத்திருக்கேன். அதுக்கென்ன?”

“கடக்காரன் மேச மேல பொடவையா விரிச்சுப் போட்டுகினே இருப்பான். மேச ரொம்பிப் போச்சேன்னு கடைய மூடுவானா? அடுத்த ஆளு அதே பொடவையக் கேட்டா குடோனுக்கு ஓடாம மேச மேலேந்தே எடுத்துக் குடுப்பான். புதுசா வேணும்னா பழச மடிச்சுட்டு விரிப்பான். மெமரின்றது அந்த மேச, டிஸ்க்குன்றது குடோனு. ரொம்பிக்கீதுன்னா யாவாரம் ஜோரா நடக்குதுன்னு அர்த்தம்.”

மைத்துனர் யோசித்தார். “அப்ப எப்பதாம்மா பயப்படணும்?”

“விரிச்சத மடிக்க வுடாம ஒர்த்தன் மேல ஏறி குந்திகினான்னா. அப்ப ஒவ்வொரு பொடவைக்கும் கடக்காரன் குடோனுக்கு ஓடுவான். அன்னிக்கு நானே சொல்றேன்.”

இதை வைத்து அக்கா ஒரு பெரிய ஆளாகிவிட்டார். சர்வருக்குக் காவலாகத் தானே ஒரு புரோகிராம் எழுதினார். எந்த வேலை எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்பதை அது விடாமல் பார்த்து, சுவரில் மாட்டிய திரையில் கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும். பெயர் ‘காவக்காரன்’. தண்ணீர் கேன் போட வந்தவரையும் நிறுத்தி, “நான் எழுதுனது” என்று காட்டினார். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு நின்று அந்தக் கோடுகளை ரசிக்க வேண்டியிருந்தது.

அந்த நாளும் வந்தது. காலைக் கூட்டம். ஒருவர் என் மேசை முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் மனைவிக்கு அவசர ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் எல்லாம் தயார். எங்கள் ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். மெஷின் சோதித்து முடித்துவிட்டது. ஆனால் நான் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் திரை உறைந்து நின்றது.

அக்கா சர்வர் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓயாமல் ஓடுவது எனக்கே கேட்டது. அவர் முகம் மாறியது.

“குடோனுக்கு ஓடறான்,” என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மைத்துனர் டிபன் பாக்ஸ் மூடியில் கை வைத்துவிட்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், மெஷின் அனுப்புன கணக்கு இன்னும் உள்ள பதிவாகல. இப்ப ஆஃப் பண்ணா அல்லாம் போய்டும். அந்தம்மாக்கு மறுபடி ரத்தம் எடுத்து மறுபடி சோதிக்கணும். அவ்ளோ நேரம் அவங்களுக்கு இல்ல. கொஞ்சம் பொறுங்க.”

டாக்டரும் வந்துவிட்டார். எல்லோரும் சுவர்த் திரையைப் பார்த்தோம். பில் போடும் கோடு படுத்திருந்தது. ரிப்போர்ட் கோடு படுத்திருந்தது. மெஷின் கோடு மேலே போகும், வேலை முடிந்ததும் இறங்கும். எல்லாம் யோக்கியமான கோடுகள்.

“அல்லாரும் ஒயுங்காக்கீறான். அப்ப யார்டா துன்றது?” அக்கா தனக்குத்தானே முணுமுணுத்தார். திடீரென்று கண்ணை மூடினார். “ஒர்த்தன மட்டும் நான் இதுல சேக்கவே இல்ல.”

விசைப்பலகையைத் தட்டிக் காத்திருந்தார். திரையின் அடியிலிருந்து புதிதாக ஒரு சிவப்புக் கோடு முளைத்தது. ஏறியது. இறங்காமல் ஏறிக்கொண்டே போய் உச்சியில் முட்டியது. பக்கத்தில் அதன் பெயர்: காவக்காரன்.

மற்றவர்கள் பிடித்த மெமரியைப் பார்த்துப் பார்த்துக் குறித்த அந்தக் காவலாளி, குறித்ததில் ஒன்றைக்கூடக் கீழே போடாமல் மெமரியிலேயே அடுக்கிவைத்திருக்கிறான்! அக்கா ஒரு நொடி அந்தப் பெயரையே பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. பிறகு ஒரே தட்டு. காவக்காரன் காலி. சுவர்த் திரை கறுத்துப்போனது.

கரகரப்பு மெல்ல அடங்கியது. என் திரை அசைந்தது. பிரிண்டர் கனைத்துக்கொண்டு தாளைத் துப்பியது. டாக்டர் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு ஓடினார். செருப்பு ஒன்று எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் செருப்பைத் தேடி வந்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நடுக்கூடத்தில் நின்று கத்தினார்.

“கண்டுபுட்ச்சிட்டேன்! திருடன் யாருமில்ல, நான்தான்!”

அந்தக் குரலில் வெட்கம் துளியும் இல்லை. பதக்கம் வாங்கியவர் குரல் அது. டாக்டர் சிரித்துவிட்டார்.

“ஏம்மா, உனக்கு மட்டும்தானே தெரியும்? சத்தமில்லாம சரி பண்ணிட்டுப் போயிருக்கலாமே!”

“இன்னா டாக்டர் பேசறீங்க? தேடிக் கண்டுபுட்ச்சவளும் நான்தானே? அத வேற யாருக்காவது வுட்டுக் குடுப்பேனா?”

மறுநாளே காவக்காரனைத் திருத்தி எழுதினார். இந்தத் தடவை பழைய குறிப்புகளை அவனே தூக்கிப்போட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கோடாக, அவனுடைய கோடே இருந்தது.

போன வருடம் அக்காவுக்கு அடையாறில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் அங்கிருந்து விசாரித்து போன் வந்தது. டாக்டர் வெளியே போயிருந்ததால் நான்தான் எடுத்தேன்.

“ஆள் எப்படிங்க?”

“ரொம்ப சத்தம் போடுவாங்க,” என்றேன். “தப்பு எங்கேன்னு தேடும்போது தன்னை மட்டும் விட்டுட்டுத் தேட மாட்டாங்க.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

இருந்தது. “எங்க அக்காவைக் கொஞ்சம் நல்லா பாத்துக்கங்க” என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.