கோரவாயன் செருப்புக் கழற்றிய படலம்

வாழ்க அழகுபாண்டி! பரவைச் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் குடியிலே தோன்றி, சமயநல்லூர்ப் பள்ளியிலே பயின்று, இரண்டு பஸ் மாறித் திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் நாள் தவறாமல் ஒன்பதே முக்காலுக்கு வந்திறங்குகின்ற ஆண்மை ஏறு. மவுஸ் பற்றிய மணிக்கரத்தினன். கீபோர்டு தேய்த்த விரலினன். பிறர் கட்டிய கோட்டைகளிலே ஓட்டை தேடுவதையே உத்தியோகமாகக் கொண்ட உத்தமன். முப்பத்தோரு வயதும் மூக்குக்கண்ணாடியும் உடையவன். அன்னவன் புகழ் பாடப் புகுந்தோம். மின்சாரமென்னும் தாயே, இக்கதை முடியுமளவும் கண்மூடாது இருப்பாயாக. இன்வெர்ட்டரே, அவள் அயர்ந்தால் நீ விழித்திருப்பாயாக. கேட்போரே, கொட்டாவி வந்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வீராக.

முதற்கண் களத்தின் இயல்பைச் சொல்லிவிடுவது முறை. திருநகரிலே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியிலே, எட்டுப் பேர் அமர ஒன்பது நாற்காலி போட்டு, முதலாளி சிவனாண்டியின் அறைக்கு மட்டும் ஏ.சி. வைத்து நடந்துவருவது ‘கல்மண்டபம் கேம்ஸ்’ என்னும் கணினி விளையாட்டுக் கம்பெனி. மூன்றாண்டாக அங்கே உருவாகி வந்தது ஒரு மாயாஜால விளையாட்டு. ஆடுகிறவன் ஒரு வீரனாகி, வாளேந்தி, பூதங்களைப் பிளந்து, ஆறடுக்கு நிலவறைக்குள் இறங்கி, கடைசிக் கூடத்தில் வீற்றிருக்கும் கோரவாயன் என்னும் அரக்கனை மாய்க்க வேண்டும்.

அந்நிலவறையைச் சமைத்தவள் ரோகிணி. ஆடுகிறவன் களைக்கும் இடத்தில் ஒரு சுனை, கொழுப்பெடுக்கும் இடத்தில் ஒரு குழி, பயம் தெளியும் இடத்தில் மறுபடியும் ஓர் இருட்டு என்று அளந்து அளந்து வைத்த அளவுகோற் கையினள். கோரவாயனுக்கு அவள் வகுத்தளித்த உயிர் ஒன்பதாயிரம் புள்ளி. வீரனின் வாள் ஒரு வீச்சில் கொய்வதோ பன்னிரண்டே புள்ளி. அரக்கனின் அடி ஒன்று பட்டாலோ வீரன் அங்கேயே முடிந்தான். ஆறடுக்கிலும் ஒளித்துவைத்த நான்கு வெண்கல மணிகளைத் தேடி எடுத்துவந்து ஒலித்தால்தான் அரக்கனின் வலு உருகும். இதுவே அவள் ஏழு மாதம் உறங்காமல் வகுத்த வியூகம்.

இத்தகைய வியூகத்தில் ஒரு சிறு பண்பாடு புகுந்தது. கடைசிக் கூடம் ஒரு காலத்தில் சாமி குடியிருந்த இடம் என்பது கதை. ஆகவே வீரன் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்றாள் ரோகிணி. “சாமி இருந்த எடம் சார். செருப்போட உள்ள விட்டா பாக்க நல்லாவா இருக்கும்?” என்று அவள் கேட்டபோது, சிவனாண்டி முதலாக அவையிலிருந்த அனைவரும் தலையசைத்தனர். மாற்றுக் கருத்து எப்படி வரும்? அவர்கள் அனைவருமே அந்த மாடிப்படியின் அடியில் செருப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்கள். அன்று மாலையே ரோகிணி கணினிக்குக் கட்டளை எழுதினாள்: காலுடைய எவரும் இவ்வாசலைக் கடந்து உட்புகுங்கால் காலணி களைக. வீரன் என்று எழுதியிருக்கலாம். மானிடர் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. காலுடைய எவரும் என்றே எழுதினாள்.

கோரவாயனுக்கும் இரண்டு கால் உண்டு.

இதைக் கண்டறிந்தவன், ஆடிப் பார்த்துப் பிழை பிடிப்பதையே அங்கே வேலையாகக் கொண்ட நம் அழகுபாண்டி. கூடத்திலிருந்து வெளியே ஓடிவந்த வீரனை அரக்கன் துரத்திவந்தான். தூணைச் சுற்றி வீரன் மீண்டும் உள்ளே பாய்ந்தான். பின்னாலேயே பாய்ந்த கோரவாயன், மலைகளை மென்று துப்பும் அக்கொடியோன், வாசலில் சட்டென்று நின்று, பணிவோடு குனிந்து, இடக்கால் இரும்புச் செருப்பின் வாரை அவிழ்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, வலக்கால் வாரை அவிழ்த்து, இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான். சரியாக நான்கு விநாடி. அரக்கன் வேட்டையிலிருந்து வீடு திரும்பும் முன்கதைக் காட்சிக்காக, உருவங்களை அசைய வைக்கும் விக்ரம் என்பவன் பதினேழு நாள் பாடுபட்டு உண்டாக்கிய அசைவு அது. கணினி அதை எடுத்து இங்கே பொருத்திக்கொண்டது. அந்த நான்கு விநாடியில் குனிந்த பிடரியில் இரண்டு வெட்டு போடலாம். போட்டுவிட்டு வெளியே ஓடலாம். அரக்கன் வெளியே வந்தால் அவன் காலில் புதுச்செருப்பு தானே முளைக்கும். மீண்டும் உள்ளே பாய்ந்தால் மீண்டும் குனிவான். மணி வேண்டாம், மந்திரம் வேண்டாம், ஆறடுக்கிலும் அலைய வேண்டாம்.

அழகுபாண்டி இதை முறைப்படி எழுதி, தேதியிட்டு, படமெடுத்துச் சேர்த்து, ரோகிணிக்கு அனுப்பினான். பத்து மாதத்தில் அவளுக்கு அவன் அனுப்பிய ஐம்பத்தெட்டாவது பிழையறிக்கை அது. முந்தைய ஐம்பத்தேழும் எந்த வாசகத்தோடு திரும்பினவோ அதே வாசகத்தோடு இதுவும் திரும்பியது: ‘யாரும் இப்படி ஆட மாட்டார்கள்.’ ஐம்பத்தேழு முறை அவன் பொறுத்தான். ஐம்பத்தெட்டாம் முறை, அன்னவன் நெஞ்சு ஆடி மாதத்துப் புழுதிக்காற்றெனச் சுழன்றெழ, நாற்காலி பின்னே உருண்டு சுவரில் இடிக்க எழுந்து நின்றான்.

“ஏன் ரோகிணி, நான் ஆடுறேன்ல? நான் ஆளு இல்லையா?”

“அதுக்கில்லண்ணே. ஒரு தடவைக்கு இருபத்தினாலு புள்ளி. ஒம்போதாயிரத்துக்கு எம்புட்டு தடவ வாசலத் தாண்டணும்? முந்நூத்தி எழுபத்தஞ்சு. வேலவெட்டி இல்லாதவன் கூட ஆட மாட்டான்.”

“சம்பளம் வாங்கிட்டு நான் ஆடுவேன்.”

சத்தங்கேட்டு ஏ.சி. அறைக்கதவு திறந்தது. வெண்பனிக் குளிர் முன்னே வர, சிவனாண்டி பின்னே வந்தார். இருவர் வழக்கையும் நின்றபடி கேட்டார். அன்று மாலை ஐந்து மணிக்கு விளையாட்டின் முன்னோட்டம் பெங்களூரில் உள்ள பெரிய கம்பெனிக்குப் போக வேண்டும். நிலவறை அதன் நெற்றிப்பொட்டு. அவர் மொழிந்த தீர்ப்பாவது:

“அழகு, மத்தியானம் ஒரு மணி அடிக்கிறதுக்குள்ள, ஒடம்புல ஒரு கீறல் படாம அவன முடிச்சுக் காட்டு. முடிச்சிட்டா ஒன் ரிப்போர்ட்டு செல்லும், நெலவறைய இன்னைக்கு அனுப்பல. முடிக்கலேன்னா அது இப்படியே போகும், நீ இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றான் வீரன். சம்மதம் என்றாள் ரோகிணி. ஆயினும் அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கத் தொடங்கின. ஏழு மாத உழைப்பு ஒருத்தன் கட்டைவிரலில் தொங்குவதை யார்தான் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மணி பத்து இருபது. போர் மூண்டது.

ஓடினான் வீரன், துரத்தினான் அரக்கன். புகுந்தான் வீரன், குனிந்தான் அரக்கன். வீழ்ந்தன வெட்டு இரண்டு. மீண்டும் ஓடினான் வீரன். வைகை அணை திறந்த நாளில் மதகுதோறும் பாயும் நீரென வீரன் வாசலில் பாய்ந்தான். அறுவடைக்குக் குனிந்த ஆளென அரக்கன் வாசலில் குனிந்தான். பத்தாம் முறை குனிந்தான், ஐம்பதாம் முறை குனிந்தான், நூறாம் முறையும் முதல் முறை போன்ற அதே மரியாதையோடு குனிந்து, அதே பெருமூச்சை விட்டான். தன் பிடரியில் வாள் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் செருப்பை ஓரமாக வைக்க மறவாத அப்பண்பைக் கண்டு, கூடியிருந்தோர் அரக்கன் பக்கமே மனஞ்சாயத் தலைப்பட்டனர்.

“மாப்ள, பதினேழு நாள் ஒக்காந்து செஞ்சேன்டா அத,” என்றான் விக்ரம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “இப்பிடிக் குனிய வச்சே சாவடிக்கிற.”

“ஒன்னய எவன்டா பெருமூச்செல்லாம் விடச் சொன்னது? அது மட்டும் ஒரு செகண்டு. அது இல்லேன்னா எனக்கு ஒரு வெட்டுத்தான் கெடைக்கும்.”

“அசதியா இருக்கும்லடா அவனுக்கு. வேட்டைக்குப் போயிட்டு வர்றான்.”

பதினொன்றரைக்கு அரக்கனின் உயிர் ஐயாயிரத்துக்குக் கீழ் இறங்கியது. வீரனின் கட்டைவிரல் மரத்தது. பிடரி கல்லானது. மூக்கு நுனியில் எழுந்த அரிப்பை, பகைவர் கோட்டை வாயிலில் நிற்கும் தூதனைப் போல, உள்ளே விடாமல் அரை மணி நேரம் நிறுத்திவைத்தான். டீ வந்தது, ஆறியது, ஆடை படிந்தது, திரும்பிப் போனது. பன்னிரண்டு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து நின்றார். ரோகிணி ஒரு முறை ஜன்னலோரம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். முந்நூறாம் முறை அரக்கன் குனிந்தபோது உயிர் ஆயிரத்து எண்ணூறு என்று திரை காட்டியது. பார்க்க முடியாமல் தன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இவ்விடத்தில் ஒரு செய்தி கூற வேண்டும். வீரன் கழற்றும் செருப்பு இமைப்பொழுதில் அவன் தோள்மூட்டைக்குள் போய்விடும். அப்படித்தான் ரோகிணி எழுதியிருந்தாள். கோரவாயனுக்கு மூட்டை கிடையாது. அவன் கழற்றியது கழற்றிய இடத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ஜோடி. ஒவ்வொரு செருப்பும் ஒரு பரிசல் அளவு. முதலில் வாசலோரம் வரிசையாய் நின்றவை, பின் ஒன்றன்மேல் ஒன்றேறி, திருக்கல்யாணத்தன்று கோபுரவாசலில் கிடக்கும் குவியலே போல, கணுக்காலளவு ஆகி, முழங்காலளவு ஆகி, தொடையளவை எட்டிக்கொண்டிருந்தன. மலையனைய அரக்கனுக்கு அது ஒரு பொருட்டில்லை. வீரனோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக எம்பித் தாண்ட வேண்டியிருந்தது.

“மாப்ள, வாசல்ல எம்புட்டுச் செருப்புக் கெடக்குன்னு பாத்தியா?” என்றான் விக்ரம்.

“பாத்தேன், பாத்தேன். இன்னும் ஏழு தடவதான். பேசாம இரு.”

அந்தோ! பத்து மாதம் பிறர் பிழையைத் தேடித் தேடிக் கூர்மை பெற்ற அக்கண்கள், தம்முன்னே வளரும் பிழையைத் தடங்கல் என்று மட்டுமே கண்டன. வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் நிற்கையில், வாசலைப் பார்ப்பார் யார்? அரக்கனின் உயிர்க்கோட்டில் ஒரு நூலிழைச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

மணி பன்னிரண்டு நாற்பத்தொன்பது. முந்நூற்று எழுபத்திரண்டாம் முறை. வீரன் எம்பி உட்புகுந்தான். அரக்கன் குனிந்தான், அவிழ்த்தான், பெருமூச்செறிந்தான், அவிழ்த்தான், வைத்தான். வெட்டு இரண்டும் விழுந்தன, உயிர் எழுபத்திரண்டு. வீரன் வாசலை நோக்கித் திரும்பினான், ஓடினான், எம்பினான், செருப்பில் முட்டிக் கீழே விழுந்தான். மீண்டும் எம்பினான். மீண்டும் விழுந்தான். எழுநூற்று நாற்பத்து நான்கு இரும்புச் செருப்பு வாசலை இடுப்பளவுக்கு அடைத்து நின்றது.

பின்னால் வெறுங்காலின் ஓசை கேட்டது.

அப்போதும் அஞ்சினானில்லை அழகுபாண்டி. ஆறே வெட்டு, ஆறு விழுந்தால் அரக்கன் இல்லை. “வாடா” என்று ஒரு சொல்லே சொல்லி, சுவரில் சாய்ந்து, வாளோங்கி, ஒன்று வெட்டினான், இரண்டு வெட்டினான், மூன்றாவதற்கு வாள் எழுந்த அக்கணத்தில், கழற்றுவதற்கு இனிச் செருப்பொன்றும் இல்லாத கோரவாயன், முந்நூற்று எழுபத்திரண்டு முறை குனிந்த முதுகை முழுமையாக நிமிர்த்தி, ஓர் அடி, ஒரே அடி, அடித்தான். திரை கறுத்தது. அரக்கனிடம் நாற்பத்தெட்டு புள்ளி மிச்சமிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் “ச்சே” என்றார். அழகுபாண்டி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சிவனாண்டி தொண்டையைச் செருமி, “சரி, அப்ப அனுப்பிருவோம்” என்றார்.

“அனுப்பாதீங்க சார்.”

சொன்னவள் ரோகிணி. எழுந்து வந்து கறுத்த திரையின் முன்னே நின்றாள்.

“ஜெயிச்சது நீதானம்மா?” என்றார் சிவனாண்டி.

“நான் எங்க சார் ஜெயிச்சேன்? அண்ணே நான் வச்ச குழியில விழல, நான் வச்ச இருட்டுல சாகல, மணி அடிக்காததுக்காகவும் சாகல. செருப்புக் குமிஞ்சு செத்தாரு. குமியிறது தப்பு, அத எப்பிடியும் எடுக்கணும். எடுத்துட்டா அண்ணே இன்னும் மூணு தடவையில முடிச்சிருப்பாரு.” அவள் அழகுபாண்டி பக்கம் திரும்பினாள். “ஆடுவாங்கண்ணே. கண்ணால பாத்துட்டேன். இந்த மாதிரி ஆடுறதுக்கும் ஆளு இருக்கு.”

“செருப்புக் கழட்டுறத எடுத்துருவியா?” என்று கேட்டான் அவன், குரலில் சற்றே கவலையோடு.

“அத எதுக்கு எடுக்கணும்? அவன் வெளிய வர்றத நிப்பாட்டுனாப் போதும். திங்கக்கிழம அனுப்பலாம் சார், ரெண்டு நாள் குடுங்க.”

சிவனாண்டி பெங்களூருக்குப் போன் போட உள்ளே போனார். ரோகிணி தன் இருக்கைக்குத் திரும்பி ஐம்பத்தெட்டாம் அறிக்கையைத் திறந்தாள். பத்து மாதமாக ஒரே வாசகத்தைத் தட்டிப் பழகிய அவ்விரல்கள் ஒரு கணம் தயங்கி, பின் இறங்க, மூடப்பட்டிருந்த அவ்வறிக்கை மீளத் திறந்து, அதன் உச்சியில் ‘ஏற்கப்பட்டது’ என்னும் பச்சைக்குறி, கோடைமழை கண்ட கண்மாய்க்கரையில் முதற்புல் துளிர்த்தாற்போல் துளிர்க்க, அஃதறிந்த அழகுபாண்டி, தோற்றும் தோலாதவன், வீழ்ந்தும் வீழாதவன், காலுடைய அரக்கரெல்லாம் அஞ்சிக் கால் மடக்கும் கீர்த்தியாளன், மண்ணும் விண்ணும் மாடிப்படியும் அதிரத் தன் நாற்காலியினின்றும் எழுந்தருளினான்.

கைகழுவிவிட்டு வந்து சாப்பிட்டான்.