அண்ணனுக்குக் கோலம் போடத் தெரியும்

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. ஒரே காலையில் நூற்று அறுபது பேருடைய கல்யாணத்தைக் கலக்கி ஊற்றிய பெருமை எனக்கு உண்டு. அந்த நூற்று அறுபதில் என் சொந்த அண்ணனும் ஒருவன்.

எங்களுக்கு ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம். வீட்டுக்குள் தமிழ், பஸ் ஏறினால் தெலுங்கு, பரீட்சைக்கு மட்டும் இங்கிலீஷ். கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் விமானம் ஏறுகிறார்கள் என்று நைனாவிடம் யாரோ சொல்ல (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), அவர் என்னைத் திருப்பதியில் ஒரு ஆறு மாத கோர்ஸில் சேர்த்துவிட்டார். கோர்ஸ் முடிந்து நான் ஏறியது விமானம் அல்ல, அதே தெருவில் இருந்த ஒரு டி.டி.பி. சென்டரின் மூன்று படிகள்.

முதலாளி சுதாகர் சார். பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் ஏலத்தில் பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து வைத்திருந்தார். உள்ளே இரண்டு பிராசசர். "ரெண்டு மெதடு" என்று, அதாவது இரண்டு மூளை என்று, ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். அதில் இருந்தது லினக்ஸ். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். நான் தட்டுவதைப் பார்த்து ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். தலைக்கனம் ஏற அது போதாதா?

அண்ணன் தனசேகர் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், உயரத்துக்கு ஏற்ற மீசை, வயது முப்பத்து மூன்று. பெண் பார்ப்பதற்காக நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். எல்லோருக்கும் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை வேண்டும். வெளிநாடு என்றால் குளிர் அடிக்கிற வெளிநாடாக இருக்க வேண்டும். அவனுக்குப் புதன்கிழமை விமானம். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். அம்மா அவன் எதிரில் சிரித்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் அழுதுகொண்டிருந்தாள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்க இருந்த வரன் அறிமுகக் கூட்டம். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு வரனுக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் போட்டோ, வலது பக்கம் விவரம். மண்டபத்தில் கயிறு கட்டி வரிசையாக மாட்டிவிடுவார்கள். வந்தவர்கள் நடந்துகொண்டே பார்த்து, பிடித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து பேசலாம். அந்த நூற்று அறுபது பக்கங்களை அச்சடிக்கும் வேலை எங்கள் சென்டருக்கு வந்தது.

"அண்ணன் பக்கத்த நானே போடுறேன். கம்ப்யூட்டர்ல வந்தா எவனும் மாத்தி சொல்ல முடியாது" என்று வீட்டில் மார்தட்டினேன். (நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

சனிக்கிழமை முழுவதும் கரண்ட் இல்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு வந்தது. கூட்டம் பத்து மணிக்கு. போட்டோக்களும் விவரங்களும் முன்பே உள்ளே ஏற்றியாகிவிட்டன. பக்கமாக்கி அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி ஓட்டும்போது வேலை செய்வதும் ஒரு மூளைதான். இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

கட்டளையின் கடைசியில் '&' என்று ஒரு குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வேலை முடியும்வரை காத்திருக்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடும் என்று நான் புதிதாகக் கற்றிருந்தேன். உடனே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நூற்று அறுபது வேலைக்கும் அந்தக் குறியைப் போட்டு என்டரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் ஒரு முறை உறுமியது. மவுஸ் நின்றது, திரை நின்றது, என் மூச்சும் நின்றது. மெயின் சுவிட்சை அணைத்துத்தான் அதை மீட்க முடிந்தது.

சரி, ஒரே நேரத்தில் ஆறு வேலை மட்டும், ஒன்று முடிந்தால் அடுத்தது உள்ளே என்று மாற்றி எழுதினேன். இந்த முறை எச்சரிக்கையாகச் சோதனையும் செய்தேன். போன மாதம் ஒரு தெலுங்குக் கூட்டத்துக்குச் செய்த பக்கங்களில் பன்னிரண்டை எடுத்து ஓட்டினேன். இரண்டு மூளையும் ஜரூராக வேலை செய்தன. பன்னிரண்டும் பழம் மாதிரி வந்தன.

"பலே அம்மாயி!" என்று தெலுங்கில் மெச்சினார் சுதாகர் சார்.

பிறகு உண்மையான பட்டியலை ஓட்டினேன். பிரிண்டர் பக்கங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தள்ளியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை முதுகுதான். திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கம்ப்யூட்டர்தான் தப்பு செய்யாதே! ஒன்பதே முக்காலுக்குத் தாள்கட்டை அள்ளிக்கொண்டு இரண்டு தெரு தாண்டி இருந்த மண்டபத்துக்கு ஓடினேன். தொண்டர்கள் மளமளவென்று மாட்டினார்கள். நான் பெருமையோடு கேசரி சாப்பிடப் போனேன்.

இரண்டாவது வாய் வைப்பதற்குள் நைனாவின் குரல் கேட்டது.

"கோமதி! இங்க வா. உங்க அண்ணன் இன்னாத்துக்கு இப்டி கீறான்?"

போய்ப் பார்த்தேன். போட்டோவில் அண்ணன், கிரேன் முன்னால் கை கட்டிக்கொண்டு, மீசையோடு. பக்கத்தில்: பெயர் எம். மகேஸ்வரி. வயது இருபத்தேழு. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வேலை, ஆஸ்பத்திரியில் பதிவுப் பிரிவு. கோலம், தையல் நன்றாகத் தெரியும். எதிர்பார்ப்பு: வெளிநாடு போகாமல் வீட்டோடு இருக்கிற நல்ல மாப்பிள்ளை.

ஒரு அம்மா அதை நிதானமாகப் படித்துவிட்டு நைனாவிடம் வந்தாள். "பையனுக்கு கோலம் எல்லாம் வரும்னு போட்டுகீதே. எங்க பொண்ணுக்கு சுத்தமா வராது. நல்லதா போச்சு. ஆனா மாப்ள இன்னாத்துக்கு மாப்ள தேடறாரு?"

நைனா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

அதற்குள் மண்டபத்தின் மறுகோடியில் சத்தம். உண்மையான மகேஸ்வரியின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது, இரண்டாம் தாரம், இரண்டு பிள்ளைகள், சொந்தமாக டிராக்டர் என்று இருந்தது. "எம் பொண்ணுக்கு டிராக்டர் எங்கடா கீது?" என்று அவளுடைய அப்பா துண்டை உதறிக்கொண்டிருந்தார். குவைத், கிரேன் என்ற அண்ணனின் விவரமோ மோகனா என்ற டீச்சரிடம் போயிருந்தது. அவளைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டு தங்கள் பிள்ளைக்கு விசா கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏற்பாட்டாளர் மைக்கைப் பிடித்தார். "பெரியவங்களே, போட்டோவ நம்புங்க, விவரத்த நம்பாதீங்க!" ஐந்து நிமிஷம் கழித்து, யாரோ காதைக் கடிக்க, "விவரத்த நம்புங்க, போட்டோவ நம்பாதீங்க!" என்றார். அதற்கப்புறம் இரண்டையும் நம்ப வேண்டாம், டிபன் சாப்பிடுங்கள் என்றார்.

சென்டருக்குத் திரும்பி ஓடினேன். அண்ணன் பக்கத்தை மட்டும் தனியாக ஓட்டினேன். சரியாக வந்தது! கிரேன், குவைத், ஆறடி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அப்படியானால் முன்பு ஏன் தப்பாக வந்தது? பட்டியலில் அவனுக்கு முன்னும் பின்னுமாக இருபது பேரைச் சேர்த்து ஓட்டினேன். அண்ணனுக்கு இப்போது டிராக்டரும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தன. நிறுத்தி, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினேன். இப்போது விவரம் அவனுடையது, போட்டோ மோகனா டீச்சருடையது. தனியாக ஓட்டினால் சரி, கூட்டத்தோடு ஓட்டினால் தப்பு. அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தப்பு. எனக்கு அழுகை வேறு வந்தது.

சுதாகர் சார் கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "ஒக்கொக்கட்டிகா வெய்யம்மா" என்றார். ஒவ்வொன்றாகப் போடு என்கிறார். அப்போதே அதைக் கேட்டிருந்தால், தனியாக ஓட்டிச் சரியாக வந்த அண்ணன் பக்கமாவது பத்து நிமிஷத்தில் மாட்டப்பட்டிருக்கும். "அது பழைய முறை சார்" என்றேன் நான். (ஆமாம், அழுதுகொண்டேதான் சொன்னேன்.)

அந்த நேரத்தில் படியேறி வந்தாள் மகேஸ்வரி. கையில் அவளுடைய டிராக்டர் பக்கமும், மண்டபத்துக் கயிற்றிலிருந்து கழற்றிய ஒரு கட்டுத் தாளும். அவளுக்கு ஐந்தாறு அடி பின்னால், குற்றவாளி போல, அவளுடைய விவரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் அண்ணன்.

"இத அடிச்சது யாரு?" என்றாள்.

"கம்ப்யூட்டர்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கொண்டுவந்த தாள்களையும் தரையில் கிடந்த தப்புப் பக்கங்களையும் எடுத்து, சீட்டாட்டம் போல வரிசையாகப் பரப்பினாள். கொஞ்ச நேரம் குந்திப் பார்த்தாள். "எம் இனிஷியல் எல்லாம் எம்மோடதான் கலந்துகினுகீது. கே எல்லாம் கே-வோட. ஒரு எம் கூட கே-வுக்கு போவல. இந்தா, ஒய் இனிஷியல் யுவராஜ் ஒருத்தருக்குத்தான். அவரு சுத்தமா கீறாரு பாரு."

"அதனால?"

"எங்க ஆஸ்பத்திரில புதுசா வந்த பொண்ணு வெறும் இனிஷியல் பாத்து அட்டை எடுத்தா இப்டிதான் ஆவும். இவரு ஜுரம் அவருக்கு போயிடும். நீ இன்னா பாத்து எடுக்கற?"

என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரனுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு தற்காலிகப் பெட்டி வைத்துக்கொள்ளும். போட்டோவைச் சுருக்கி அதில் போடும், விவரத்தைப் போடும், இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கும், பெட்டியைக் காலி செய்யும். பெட்டிக்குப் பெயர் வேண்டுமே என்று வரனின் பெயரில் முதல் சொல்லை வைத்திருந்தேன். தெலுங்குக்காரர்களுக்கு முதலில் வருவது வீட்டுப் பெயர்: கொத்தப்பள்ளி, மாமிடிப்பூடி, சிந்தகுண்ட்ட என்று ஆளுக்கொன்று. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பெட்டி. நாம் தமிழர்கள், நமக்கு முதலில் வருவது அப்பாவின் ஒற்றை எழுத்து. எங்கள் பக்கத்தில் அப்பாக்களெல்லாம் முனுசாமி, முனிரத்தினம், மணி, முருகேசன். பட்டியலும் எழுத்து வரிசைப்படி அடுக்கியது. ஆறு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் 'எம்' என்று எழுதிய ஒரே அண்டாவைக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தமிழ் வீட்டில் பிறந்து, 'எம். கோமதி' என்று ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டவளுக்கு இது உறைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியின் பெயரை வரிசை எண்ணாக மாற்றினேன். ஒரே ஒரு சொல். ஆறு ஆறாக மறுபடி ஓட ஆரம்பித்தது. முடிய இரண்டே முக்கால் மணி நேரம். நான் பிரிண்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

பத்துப் பக்கம் வந்த பிறகு மகேஸ்வரி கேட்டாள். "எம் பேப்பர முழுசா படிச்சிட்டீங்களா?"

"எம் மூஞ்சி பக்கத்துலயே இருந்துச்சே" என்றான் அண்ணன். "வீட்டோட இருக்கற மாப்ள வோணும்னு போட்டுகீது. அது எனக்குத்தான் வோணும்னு ஒரு அம்மா நெனச்சிட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, "எத்தினி வருஷம் அங்கயே இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு கான்ட்ராக்ட். ரெண்டு வருஷம். அப்புறம் இங்கயே கிரேன் ஓட்டலாம்னு கீறேன். யாரும் அத கேக்கல. குவைத்துன்னதும் எழுந்து பூட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரிண்டர் சத்தத்தையும் மீறி இரண்டு காதையும் அங்கேயே வைத்திருந்தேன்.

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது பந்தி முடிந்து பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்காக மாட்டினோம். என் கையால் அண்ணனின் சரியான பக்கத்தை, கிரேனும் ஆறடியும் இருந்த பக்கத்தை, அவனிடம் நீட்டினேன்.

"இது வேணாம். அந்தப் பழைய கோலம் பேப்பர் எங்க?" என்றான். அதற்குள் மகேஸ்வரியின் அப்பாவும் நைனாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர் கோபம் தீர்ந்த மாதிரி இருந்தது. அம்மா அன்றைக்கு மண்டபத்தில், எல்லோர் எதிரிலும் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

புதன்கிழமை அவன் விமானம் ஏறினான். இரண்டு வருஷம் கழித்து, சொன்ன வாக்குப்படி திரும்பி வந்தான், மகேஸ்வரியோடு கல்யாணம் நடந்தது. இப்போது புத்தூரில் சொந்தக் கிரேன் வைத்திருக்கிறான். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வேலைகளை ஓட்டும் ஸ்கிரிப்ட்களைச் சரிபார்க்கிறேன். கம்பெனியில் எனக்கு நல்ல பெயர். புத்தூரில் மட்டும், நான் இட்லி தட்டை வாங்கும்போதெல்லாம் அண்ணி, "ஒவ்வொண்ணா துன்னு கோமதி, கலந்துடப்போவுது" என்பாள்.

அந்தப் பழைய பக்கத்தை அண்ணி லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருஷா வருஷம் பொங்கலன்று காலை அதைக் கழற்றிக்கொண்டு போய் அண்ணன் எதிரில் நீட்டி, கையில் கோலமாவுக் கிண்ணத்தைக் கொடுப்பாள். ஆறடி மனிதன் மீசையோடு தெருவில் குனிந்து புள்ளி வைப்பான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கோலத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க வருவார்கள்.

போன பொங்கலுக்கு நானும் அங்கேதான் இருந்தேன். "முட்டி நோவுதுடி, விட்டுடு" என்று கெஞ்சினான்.

"நானா சொல்றேன்?" என்றாள் அண்ணி. "கம்ப்யூட்டர் சொல்லுது. அது தப்பே பண்ணாதாமே, உங்க தங்கச்சிய கேளுங்க."