மாட்டினவர்தான் கழற்ற வேண்டும்

அப்பா ஒரு சபதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, டீ ஆறுவதற்குள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு சாமான்கூட ரிப்பேருக்கு வெளிய போகாது. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

டீ ஆறியது. சபதம் சூடாகவே இருந்தது. மத்தியானத்துக்குள் அம்மாவின் லேப்டாப் படுத்துவிட்டது.

அப்பாவுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. அதில் அவர் சூரர். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். இந்த ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் அவர் புண்ணியத்தில். ஆனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே லிப்ட்தான். மிக்ஸி ஒரு குட்டி லிப்ட். கைக்கடிகாரம் அதைவிடக் குட்டி லிப்ட். லேப்டாப்புக்கு ஒரு மவுஸ் இருந்தது. "லேசா இழுக்குது" என்று போன மாதம் அதைக் கழற்றினார். அது இன்னும் பிஸ்கட் டப்பாவுக்குள் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவர் கண் டச்பேட் மேல் விழுந்தது. விரலை வைத்துத் தேய்த்தால் திரையில் அம்பு ஓடுமே, அந்தச் சதுரம். மவுஸ் போனபின் அம்மாவுக்கு அது ஒன்றுதான் கதி.

"அம்பு கொஞ்சம் சோம்பலா வருது பாரு. டிரைவர் பழசு."

லேப்டாப்பில் ஒவ்வொரு உறுப்பையும் ஓட்டுவதற்கு உள்ளே ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். அதற்குப் பெயர்தான் டிரைவர். அப்பா எங்கேயோ தேடி, 'புதுசு, வேகம், இலவசம்' என்று மின்னிய ஏதோ ஒரு தளத்திலிருந்து வேறு ஒன்றை இறக்கிப் போட்டார். அது எந்த லேப்டாப்புக்கானதோ, அது அவருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். அம்பு திரையின் நட்டநடுவில் நின்றது. தேய்த்தார். தட்டினார். ஊதினார். அம்பு அசையவே இல்லை.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. வேகமாக்கித் தரேன்."

"அம்பு நின்னுடுச்சே?"

"வேகமா போறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கும்."

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நான் புத்தகத்த அனுப்பணும். தெரியுமில்ல?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். அம்மா கல்யாணத்துக்கு முன் ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவள். நான் பிறந்ததும் நின்றுவிட்டாள். என்னால்தான் நின்றதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று கேட்பவர்களைக் கண்டால் மாடிப்படியில் ஒளிந்துகொள்கிறேன். அம்மாவோ ஒளியவில்லை. ஒரு பதிப்பகத்துக்கு எழுதிப்போட்டாள். அவர்கள் ஒரு குழந்தைக் கதையைக் கொடுத்து, 'அழகாக வடிவமைத்துச் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள், பிடித்தால் வேலை' என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் சபதம் சபதம். தன் வேலைப் பையிலிருந்து மஞ்சள் பலகையை எடுத்து லேப்டாப் மேல் தொங்கவிட்டார். 'வேலை நடக்கிறது. தொடாதே.'

இந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிப்ட் குழிக்குள் ஒருவர் இறங்கும்போது மேலே சுவிட்சில் இதை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். வேறு யாராவது அதைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் ஒரே ஒரு சட்டம். மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. அப்பா வேறு எந்தச் சட்டத்தையும் மதிக்கமாட்டார், சிவப்பு விளக்கு உட்பட. இதை மட்டும் சாமி மாதிரி.

ராத்திரிவரை போராடினார். அம்பு அசையவில்லை. திங்கள் காலை வேலைக்குப் பலகை வேண்டுமே, கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம். அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். டச்பேட் இல்லை, மவுஸ் இல்லை. கீபோர்டு விசைகளை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஒரு பட்டியல், அதற்குள் ஒரு பட்டியல். கடைசியில் 'பழைய டிரைவருக்கே திரும்பு' என்று ஒரு பொத்தான். தட்டினாள். அணைத்துப் போட்டாள். விரலை வைத்தாள்.

அம்பு ஓடியது!

"அம்மா! எப்படிம்மா?"

"நேத்து அவர் தட்டிட்டு இருந்தப்பவே போன்ல தேடிப் படிச்சுட்டேன்."

"அப்பாவுக்கு போன் போடறேன்."

"வை கீழ."

வைத்தேன்.

"சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா சாயங்காலம் என்ன பண்ணுவார்?"

யோசிக்கவே வேண்டாம். "இன்னும் கொஞ்சம் வேகமாக்கித் தரேன்னு உக்காருவார்."

"அதான். சனிக்கிழமை வரைக்கும் இது ரிப்பேர்."

"அது பொய்யில்லையா?"

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். செருப்பு வந்த அட்டைப்பெட்டியை வெட்டினாள். மஞ்சள் பூசினாள். எழுதினாள். 'வேலை நடக்கிறது. தொடாதே.' ஒவ்வோர் எழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாவின் பலகை இதற்குப் பக்கத்தில் நின்றால் வெட்கப்படும். அறைக் கதவில் மாட்டினாள்.

"படி. வேலை நடக்குதா? நடக்குது. தொடலாமா? கூடாது. இதுல எதுடி பொய்?"

எதுவும் இல்லை. நான் அப்படியே அசந்துபோனேன்.

"உனக்கு ஒரே ஒரு வேலை. அவர் சமையலறைய விட்டு நகராம பாத்துக்கோ. பக்கத்துலயே நில்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரகசியம்! எனக்கு! வீட்டில் என்னை நம்பி யாரும் கடைக்குக்கூட அனுப்பாத காலம் அது.

சாயங்காலம் அப்பா வந்தார். கதவுவரை வேகமாகப் போனார். பலகையைப் பார்த்ததும் பிரேக் போட்ட மாதிரி நின்றார்.

"யார் மாட்டினது?"

"நான்தாங்க," என்று உள்ளே இருந்து குரல்.

"நான் உள்ள வந்து..."

"மாட்டினவங்கதான் கழட்டணும். நீங்க சொன்னதுதானே?"

அப்பா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டச்பேட் இல்லாம எப்படிம்மா பண்ற?"

"விசைய வெச்சே பண்ண முடியுதுங்க. நேரம்தான் பிடிக்கும். ராத்திரி சமைக்கத்தான்..."

அந்தத் 'தான்' அப்படியே கதவிடுக்கு வழியாக வந்து அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்தது.

"நான் எதுக்கு இருக்கேன்? நான் சமைக்கறேன். நீ வேலையப் பாரு!"

அப்பா சமைத்தார். சமையலும் லிப்ட்தான். அடுப்பை ஏற்றுவதற்கு முன் பாத்திரத்தின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். சூப்பில் உப்பு அதிகம், உடனே தண்ணீர். தண்ணீர் அதிகம், உடனே உப்பு. "ஓவர்லோடு," என்று முணுமுணுத்தார். உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. நான் பக்கத்திலேயே நின்றேன். உளவாளி சும்மா நின்றால் சந்தேகம் வருமே. வெங்காயம் நறுக்கினேன். வறுக்கும்போது எப்போது திருப்புவது என்று நான்தான் சொன்னேன். அவர் கால் அறைப் பக்கம் நகரும்போதெல்லாம், "அப்பா, இந்தச் சட்டி எப்படி விளக்கறது?" என்று கேட்டு இழுத்துவைத்தேன். அவர் காட்டுவார். நான் விளக்குவேன். என்ன சாமர்த்தியம் எனக்கு!

புதன்கிழமை எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் தட்டினார். கையில் ஒரு மவுஸ்.

"லேப்டாப் ரிப்பேர்னு கேள்விப்பட்டேன். இத வெச்சுக்கோங்களேன்."

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ரொம்ப நன்றி டாக்டர். ஆனா இரவல் மவுஸ் இந்த வீட்டுக்குள்ள வராது. என் வீட்டுச் சாமான நான் பாத்துக்கறேன்."

"இல்ல, அவங்களுக்கு அவசரம்னு..."

"அவர் சொல்றது சரிதாங்க!" என்று உள்ளே இருந்து அம்மா கத்தினாள்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா? என் மேல அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை!"

டாக்டர் போய்விட்டார். நான் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைதான் கண்டம். அம்மா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசைமேல் லேப்டாப். நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அப்பா இல்லை. கதவு முன்னால் நிற்கிறார். கை பலகையை நோக்கிப் போகிறது. ஒரு வார வேலை. அவர் ஒரு பொத்தானை அமுக்கினால் போச்சு.

கத்தலாமா என்று வாயைத் திறந்தேன்.

அப்பா பலகையைத் தொட்டார். அது கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேராக்கினார். ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் சூப்பைக் கிளற வந்துவிட்டார்.

"என்னப்பா?"

"மாட்டினா ஒழுங்கா மாட்டணும். ஆனா எழுத்து பாத்தியா? உங்கம்மா கை!"

அந்த நிமிடம் எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. இந்த மனிதர் கிறுக்கர்தான். ஆனால் இப்படி ஒரு கிறுக்கர் வேறு எந்த வீட்டில் இருக்கிறார்? அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் புத்தகம் போய்விட்டது. அம்மா பலகையைக் கழற்றினாள். டச்பேட்டை அணைக்க விசைகளின் மேல் வரிசையிலேயே ஒரு விசை இருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்னங்க, என் வேலை முடிஞ்சுது. இனி நீங்க பாருங்க."

அப்பா சட்டைக் கையை மடித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்தார். நிமிர்த்தினார். அணைத்தார். ஒரு கையை அதன் மேல் வைத்து, மறு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்னப்பா இது?"

"உள்ள தேங்கின கரண்ட்ட இறக்கறேன். பேசாத."

அணைத்ததைப் போட்டார். அம்மா டீ கொண்டுவந்தாள். மேசைமேல் வைக்கக் குனிந்தாள். முந்தானை விசைகளை மறைத்தது. ஒரு விரல் தட்டியது எனக்கு மட்டும் தெரிந்தது.

அம்பு ஓடியது.

"பாத்தியா! பாத்தியா! ஒரு வாரம் விட்டதும் நல்லதுதான். அதுக்கும் ஓய்வு வேணுமில்ல?"

உடனே எதிர்வீட்டுக்கு ஓடினார். டாக்டர் வாயில் பல் துலக்கியோடு இழுத்துவரப்பட்டார். அம்பு மேலே போனது, கீழே வந்தது. "லிப்ட் மாதிரி!" என்றார் அப்பா. டாக்டர் நுரையோடு தலையாட்டினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அம்மாவுக்கு வேலை! அடுத்த திங்கள் முதல் அலுவலகம். அட்டைப்படத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் அசந்துபோனார்களாம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படியில் ஏறி இறங்கிய அத்தனை பேரிடமும் சொன்னார். "என் பொண்டாட்டி. டச்பேட்கூட இல்லாம பண்ணினது!"

எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இனி யாராவது அடுத்து என்ன என்று கேட்டால் ஒளியமாட்டேன். எங்கம்மாவைக் கேளுங்கள் என்பேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அப்பாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, நீ வேலைக்குப் போய்ட்டா யார் சமைக்கறது?"

"போன வாரம் யார் சமைச்சா?"

"நான்..."

"நல்லா வந்துடுச்சுங்க. வெள்ளிக்கிழமை சூப் பிரமாதம்."

அம்மா எழுந்தாள். அட்டைப் பலகையை எடுத்தாள். சமையலறை ஆணியில் சமைக்கும்போது தான் கட்டும் ஏப்ரனுக்கு மேல் மாட்டினாள். 'வேலை நடக்கிறது. தொடாதே.' அதைக் கழற்ற அப்பாவின் கை பாதிவரை உயர்ந்தது. அப்புறம் தானாகவே இறங்கிவிட்டது. சட்டம் சட்டம்தானே.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதுதான் அம்மா சட்டி விளக்கும் நாரை என் கையில் வைத்தாள்.

"அம்மா! நான் உன் கட்சிம்மா!"

"தெரியும் கண்ணு. அதனாலதான் உனக்குப் பாத்திரம் மட்டும்."