பார்சல் அண்ணா எண்ணிய பக்கங்கள்

எங்கள் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அத்தனை நூல்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிய ஒரே ஆள் பார்சல் அண்ணாதான். எழுதிய பேராசிரியர்களைப் பற்றிக்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு வரியும் படித்ததில்லை.

கர்நாடக எல்லையோரத் தமிழர் ஊரான மார்டள்ளிக்காரர். மைசூரில் எங்கள் அனுப்புகைப் பிரிவில் புத்தகங்களைக் கட்டி அனுப்புவது வேலை. கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பிரதியிலும் பக்க எண்களைச் சரிபார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசிவரை.

"எழுதறது அவங்க வேலைங்க, பிழை பாக்கறது உங்க வேலைங்க. பக்கம் இருக்குதா இல்லியான்னு பாக்கறது என்ற வேலைங்க சார்" என்பார்.

ஆட்களையும் அவர் பக்கத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். வரலாற்றுத் துறைத் தலைவர் ஒருநாள் வந்தபோது, "இவரு முந்நூத்தி இருவதுங்க. நேத்து வந்தவரு வெறும் நூத்தி நாப்பத்தி நாலு" என்று அவர் காதுபடவே சொன்னார். முந்நூற்று இருபதுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு நூலகம் ஐம்பது பிரதிகள் கேட்டால், இவர் எண்ணி முடிப்பதற்குள் நூலகரே ஓய்வு பெற்றுவிடுவார். "சார், புக் இன்னும் பந்தில்லா" என்று புத்தகம் வராததைக் கன்னடத்தில் கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்வது என் தலையெழுத்து. பிழை திருத்துபவன் நான்; திட்டு வாங்குபவனும் நான். அவர்மேல் மேலிடத்துக்கு நாலு புகார் எழுதியிருக்கிறேன்.

நஞ்சன்கூட்டுக் கல்லூரி ஒன்றில் பல வருடங்களாகத் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவர் ஷோபா. பட்டுப்புழு வளர்க்கும் பெண்களைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பைண்டரிடமிருந்து வந்தது. மறுநாள் காலை தார்வாடில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அச்சிட்ட பிரதிகள் ஐந்து வேண்டும், பிடிஎஃப் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ரயில்.

"அண்ணா, ஆட்டோ நிக்குது. ஸ்வல்ப சீக்கிரம் குடுங்கண்ணா."

"எண்ணிப்போட்டுத் தர்றனுங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னைக்கு ஒரு நாளாவது எண்ணாம குடுங்க! உங்க கிறுக்குக்கு அவங்க வேலை போகணுமா?" என்று கத்தினேன்.

அவர் நிமிரவே இல்லை. தொண்ணூற்றாறில் விரல் நின்றது. அடுத்து மறுபடியும் எண்பத்தொன்று. பைண்டர் ஒரே பதினாறு பக்கங்களை இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டார். தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுவரை இல்லை. ஷோபா ஊர் ஊராக அலைந்து செய்த கள ஆய்வு முழுக்க அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. ஷோபா அப்படியே ஒரு புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிரித்துப் பார்க்காமலே பைண்டரின் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.

எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தோம். "தொண்ணூத்தாறுக்கு அப்புறம் மட்டும் பாத்தா போதாதா?" என்றேன்.

"வேற எடத்துல தப்பிருந்தா என்னங்க பண்றது?" என்றார். நான் சரி என்று ஒதுக்கி வைத்த நாலையும் திரும்ப எண்ணி, அதில் ஒன்றைத் தள்ளினார். ஐந்து நல்ல பிரதிகள் தேறியபோது ஆட்டோக்காரர் போய்விட்டிருந்தார். என் ஸ்கூட்டரில் ஷோபாவை ஏற்றி, நகரத் தொடங்கிய ரயிலில் ஏற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்து இனிப்போடு வந்தார். வேலை கிடைத்துவிட்டது.

"பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டார் பார்சல் அண்ணா.

ஷோபா தயங்கினார். "இல்லண்ணா. அட்டையைப் பாத்துட்டு மேசையில வச்சுட்டாங்க."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. பார்சல் அண்ணா முகம் வாடவில்லை.

"பாக்காட்டிப் போகுதுங்கம்மா. உள்ள எல்லாம் இருக்குதுன்னு தெரிஞ்சு நீங்க தைரியமா உக்காந்திருப்பீங்கல்ல?"

ஷோபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு புகார் எழுதிய எனக்கு, இந்த மனிதர் ஓய்வு பெறவே கூடாது என்று அன்றுதான் தோன்றியது.