ஃபிரிட்ஜ் இல்லாமலே அடுக்களை காண வரவும்

இஞ்சிவிளை, பாறசாலை
திங்கள்கிழமை காலை

மரியாதைக்குரிய சம்பந்தி பொன்னப்பன் அவர்களுக்கு, இஞ்சிவிளை கருணாகரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் விலாசினியும், மகன் ஸ்ரீஜித்தும், உங்கள் மகளும் எங்கள் மருமகளுமான நீதுவும் நலமாக இருக்கிறோம். அங்கு வெள்ளறடையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் ரப்பர் மரங்களும் நலமாக இருக்க பகவான் துணை செய்வாராக. நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. எவ்வளவு தூரம் நலம் என்பது கீழே வரும், உட்கார்ந்து வாசிக்கவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் "சம்பந்தி" என்று தொடங்குவதற்குள் நீங்கள் "வண்டி ஏறியாச்சு, அடுத்த வாரம் வந்துரும்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். நான் உத்தியோக காலம் முழுவதும் ஒரு பஸ் டிப்போவில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். வண்டி எங்கே என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். "இப்போ வரும்" என்றால் டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "வந்துகொண்டே இருக்கிறது" என்றால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் டயர் இல்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். "ஏறியாச்சு" என்பதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணம் முடிந்தபின் பெண்வீட்டுக்காரர்கள் வந்து, மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைக் கண்டு, நாலு பாத்திரம் பண்டம் வைத்துச் சாப்பிட்டுப் போவது நம்ம பக்கத்து முறை. கல்யாணம் மகரத்தில் நடந்தது, இரண்டு மாசம் ஓடி இப்போது மீனம் பாதி கழிந்துவிட்டது, நீங்கள் இன்னும் வரவில்லை. வராததற்குக் காரணம் அந்த ஃபிரிட்ஜ். நிச்சயத்தன்று மண்டபத்தில் பாட்டுக்காரன் வைத்துவிட்டுப் போன மைக்கை எடுத்து, நாங்கள் யாரும் கேட்காமலே, "எனக்க மகளுக்கு அடுக்களை காணலுக்கு டபுள் டோர் ஃபிரிட்ஜ், மெரூன் கலர், கதவுல பூப்போட்டது" என்று அறிவித்தீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அப்போதே எழுந்து "வேண்டாம் சம்பந்தி" என்று சொல்லியிருக்க வேண்டும். பாயசம் விளம்பிக்கொண்டிருந்தார்கள், வாய் நிறைய இருந்தது.

அதோடு நின்றதா? கல்யாணத்துக்கு முந்தின வாரமே விலாசினி எங்கள் பழைய ஃபிரிட்ஜைத் துடைத்து, குங்குமம் வைத்து, மூன்று வீடு தள்ளி இருக்கும் என் அக்கா விஜயம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். புதுசு வரப்போகிற மூலையில் பழசு நின்றால் மருமகள் என்ன நினைப்பாள் என்பது அவள் நியாயம். நாங்கள் எதுவும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே இடத்தைக் காலி பண்ணி வைத்தோம் பாருங்கள், அது கேட்டதற்குச் சமம்தான். நான் ஒத்துக்கொள்கிறேன், விலாசினி ஒத்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் ஆர்டர் கொடுத்த கடையிலிருந்து ஸ்டெபிலைசர் மட்டும் முதலிலேயே வந்து சேர்ந்தது. அதைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. கீழே ஒன்றும் இல்லாமல் அது பச்சை விளக்கோடு நிற்கிறது. கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் போட்டு, இல்லாத ஃபிரிட்ஜைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த வேனல் சூட்டில் நாங்கள் பிழைக்கிற பிழைப்பைக் கேளுங்கள். ராத்திரி ஆட்டிவைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கத் தயாராக இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் சுத்த சைவம், எங்கள் பாலையும் மோரையும் மட்டும் அவர்கள் ஃபிரிட்ஜில் ஏற்றுக்கொள்வார், அதுவும் அவர் கொடுக்கிற பாத்திரத்தில். ஒருநாள் மிச்சமிருந்த கோழியைப் பக்கத்து வீட்டு ரபேலிடம் கொண்டு போனேன். அவர்களுக்கு ஈஸ்டர் நோம்பு. "சாரே, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இறைச்சி வீட்டுக்குள்ள கேத்தப்பிடாதுன்னு ரீத்தா சொல்லியிருக்கா. அது ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் பிரார்த்தனையில மனசு நிக்காது" என்று வாசலிலேயே கைகூப்பிவிட்டார். அவர் மனைவி ரீத்தா உள்ளேயிருந்து, "மீனாக்கும்னா கொண்டாருங்க, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டில் என்றைக்கு எது ஏறும் என்று எனக்கு மனப்பாடம். பழைய டிப்போ மூளை சும்மா இருக்கிறது, அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

மிச்சமெல்லாம் அக்கா வீட்டில். எங்கள் மீனைப் பார்க்க நாங்கள் அவளிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது. அவள் மூடியைத் திறந்து மணத்திப் பார்த்து, "சாளை தாங்கும், நெய்மீன் நாளைக்குத் தாங்காது கேட்டியா" என்று தீர்ப்புச் சொல்லி, நெய்மீனை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுகிறாள். கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாளே என்று நாங்கள் நன்றி வேறு சொல்லிவிட்டு வருகிறோம். எங்கள் ஃபிரிட்ஜ், எங்கள் மீன், ஏப்பம் மட்டும் அவளுடையது.

சிரிக்கிறீர்கள் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள், இதுவரை சிரிக்கத்தான் எழுதினேன். மாவு புளித்தால் வேறு மாவு ஆட்டலாம். இனி எழுதப்போவது அப்படிப்பட்டதல்ல.

அடுக்களை காணும் நாள் வரை பெண் தாய்வீட்டுக்கு விருந்துக்குப் போகக்கூடாது, பெண்ணின் தாய் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று என் அக்கா ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் "பண்டே உள்ளதாக்கும்" என்பாள். முன்காலத்தில் கல்யாணம் கழிந்து ஒரு வாரத்துக்குள் அடுக்களை கண்டுவிடுவார்கள், ஒரு வாரம் தாயைப் பார்க்காமல் ஒரு பெண் இருந்துவிடலாம். சட்டம் போட்டவர்களுக்கு மெரூன் கலர் ஸ்டாக் இல்லாமல் போகும் என்று தெரியுமா? போதாக்குறைக்கு, நீது ஒருநாள் அடுக்களையில் நின்று அவள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். "எக்கா, எதுக்கு இப்படி விளிக்கிய?" என்று விலாசினி ஓடி வந்தாள். "அவ அம்மை போன்ல அடுக்களையக் கண்டுட்டாண்ணா பிறகு காணலுக்கு என்ன இருக்கு? கண்டாச்சே! வீடியோவும் காணலாக்கும்" என்றாள் அக்கா. ஸ்ரீஜித் கம்ப்யூட்டர் படித்தவன், அவனே நீதுவின் போனை வாங்கி அணைத்து வைத்தான்.

அன்றிலிருந்து போன் அடித்தால் நீது அடுப்பைக் குறைத்துவிட்டு, கொல்லையில் பலாமரத்தடிக்குப் போய்விடுகிறாள். பால் பொங்குகிறது, கூட்டு அடிப்பிடிக்கிறது. போன புதன்கிழமை நான் காய்ந்த ஓலை பொறுக்கப் போனவன், அவள் பேசுவது காதில் விழுந்து நின்றுவிட்டேன். "அம்மா, அடுப்பு இடப்பக்கமாக்கும். ஜன்னலத் தொறந்தா ரபேல் மாமனுக்க முருங்கை தெரியும். மிளகுப்பொடி டப்பா மேல்தட்டுல. எனக்கு எட்டாதுன்னு மாமி கீழ எடுத்து வச்சு தந்தாவ. நீ வரும்போ நான் எல்லாம் காட்டித் தாறேன்" என்கிறாள். போனில் பலா இலைகளையும் வானத்தையும் காட்டிக்கொண்டே வாயால் அடுக்களையைச் சொல்கிறாள். அந்தப் பக்கத்தில் சம்பந்தியம்மா என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள், "இல்லம்மா, நான் எதுக்குக் கரையப் போறேன்? வெயிலு கண்ணுல அடிக்குது" என்றாள். அழவில்லையாம், வெயிலாம். மரத்தடியில் ஏது வெயில் சம்பந்தி? ஓலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளே உங்களிடம்கூடச் சொல்லாமல் நெய்யாற்றின்கரைக்குப் போய் நீங்கள் ஆர்டர் கொடுத்த அந்தக் கடையில் ஏறினேன். சஜன் என்ற சேல்ஸ்காரர் நல்ல மனிதர், காப்பி வாங்கித் தந்தார். இந்த வெயிலில் ஊரே ஒன்றாக ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பிவிட்டதாம், ஃபிரிட்ஜுக்கு உள்ளே வைக்கிற சாமான் கம்பெனிக்கு எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டுமாம், கப்பல் எங்கேயோ சுற்றிக்கொண்டு வருகிறதாம். "வெள்ளையும் சாம்பலும் ரெண்டு பீஸ் உண்டு சாரே, வெள்ளறடை அண்ணன் மெரூன்தான் வேணும்னு நிக்கியாரு" என்றார். அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். மெரூன், டபுள் டோர், கதவில் பூ. உள்ளே பிளாஸ்டிக் ஆப்பிளும் பிளாஸ்டிக் முட்டையும். "இதைத் தரலாமே" என்றேன். "அது காட்சிக்கு வச்சதாக்கும். உள்ள கம்ப்ரெசர் கிடையாது, வெறும் பெட்டி" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒருநாளைக்கு வாடகைக்குக் கேட்கலாம், மினி லாரியில் ஏற்றி உங்கள் கையாலேயே கொண்டு இறக்கலாம், அக்கா குரவையிடுவாள், எல்லாரும் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள், மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. கேட்டும்விட்டேன். சஜன் சிரிக்கவில்லை. "சாரே, ஆளுகள் இதுக்கு முன்னயும் கேட்டிருக்காவ" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அதே யோசனைதான். ஒரு பிள்ளை தன் தாயைப் பார்க்க, உள்ளே குளிரே இல்லாத ஒரு பெட்டியை வாடகைக்குக் கேட்டு ஒரு கிழவன் கடை ஏறியிருக்கிறான். நீங்கள் வாக்கைக் காப்பாற்றுகிறீர்கள், அக்கா முறையைக் காப்பாற்றுகிறாள், நான் உங்கள் இரண்டு பேர் முகத்தையும் காப்பாற்றுகிறேன். நடுவில் அந்தப் பெண் பலாமரத்தடியில் நிற்கிறாள். நம்மில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, கெட்ட எண்ணம் இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. மைக்கில் சொன்னதை நாலு பேர் முன்னால் திரும்ப எடுப்பது லேசான காரியமல்ல. உங்கள் தம்பிமார் என்ன சொல்வார்கள், மண்டபத்தில் கை தட்டினவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் தூங்காமல் கிடப்பீர்கள். ஆனால் சம்பந்தி, அந்தச் சடங்குக்கு அடுக்களை காணல் என்றுதானே பெயர்? கொண்டுவரல் என்று யாரும் சொல்வதில்லையே. காண்பதற்குக் கண் போதும். வெறுங்கையோடு வர மனசு வராதென்றால் உங்கள் விளையில் பிடுங்கின மரச்சீனிக் கிழங்கு கொஞ்சமும் ஒரு குலை பழமும் கொண்டு வாருங்கள், ரெண்டுக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். மெரூன் வரும்போது வரட்டும். நாள் பார்த்து, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பதில் தபாலில் எழுதுங்கள், விலாசினிக்கு அவியலுக்குக் காய் வாங்க வேண்டும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நான் இன்னும் யோசிக்கவில்லை. உங்கள் பதில் வருவதற்குள் யோசித்துவிடுவேன்.

உங்கள் மரங்களில் பால் வற்றாமலும் ரப்பர் விலை இறங்காமலும் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். சிறியவர்களுக்கு ஆசியும் பெரியவர்களுக்கு மரியாதையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
இ. கருணாகரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனி உதவாது. கடிதத்தைக் கவரில் போடும் முன் உங்கள் பின்கோடு தெரியாமல் நீதுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். முழுதும் வாசித்திருக்கிறாள். திரும்பி வந்து, "மாமா, இது தபால்ல போனா எப்போ கிட்டும்?" என்றாள். நாலு நாள் ஆகலாம் மக்கா, நடுவில் லீவு வந்தால் ஒரு வாரமும் ஆகலாம் என்றேன். "அப்போ நான் கொண்டு போறேன்" என்றாள். நான் வாயைத் திறந்து "அக்கா" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குள் விலாசினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "அக்காட்ட நான் சொல்லுதேன். நீ போயிட்டு வா மோளே, வெள்ளறடை பஸ் இப்போ உண்டு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து விலாசினி என் அக்காவிடம் ஒன்றும் எதிர்த்துச் சொன்னதில்லை. இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் பக்கத்தில் இருக்கப்போவதும் இல்லை. நீது உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் இதை எழுதுகிறேன்.

ஆகவே சம்பந்தி, இதை வாசித்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். கடிதத்தைக் கையில் தந்துவிட்டு உங்கள் முன்னால் நிற்கிறாளே, அவளை உள்ளே கூட்டிப் போய் முதலில் அவள் அம்மாவைக் கூப்பிடுங்கள்.