குளத்தில் போட்ட காசு

"என் காசு எங்கம்மா?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். டிசைனர் அசராமல் நோட்டில் குறித்துக்கொண்டாள்: 'பயனர் பதறுகிறார்.'

அந்த நிறுவனத்தின் கிரிப்டோ செயலியில் ஒரு பொதுக் குளம் உண்டு. இரண்டு வகை நாணயங்களைச் சேர்த்துப் போட்டு வைத்தால், அங்கே வாங்கி விற்பவர்கள் கட்டும் கட்டணத்தில் பங்கு கிடைக்கும். போடுவது சுலபம். எடுக்கத்தான் யாருக்கும் வழி புரியவில்லை. அதற்கொரு புதுப் பக்கம் அமைப்பது அவள் பொறுப்பு. மாலை ஐந்துக்குள் முடியாவிட்டால் வேலை வெளி ஆட்களுக்குப் போய்விடும். அவள் வீட்டுக்குப் போய்விடலாம்.

"என்னை ஒண்ணும் தெரியாத ஆளா நெனச்சுக்கோ. என் போன்லயே எடுத்துப் பாக்கறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் முதலாளி. குளத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவர்!

"எத்தனை சதவீதம் எடுக்கணும்னு அந்தக் கோட்டுல நகர்த்தணும் சார். நீங்க சைபர்ல வச்சே அமுக்கிட்டீங்க."

"சைபரா? கோட்டு மேல ஏதோ உருண்டையால்ல இருந்துச்சு!"

"என்னா நடிப்பு!" என்று அவள் காதில் கிசுகிசுத்தான் புரோகிராமர். "எங்க அத்தை அச்சு அசல் இப்படித்தான்."

உருண்டையை எடுத்தாள். ஒரே பொத்தான் வைத்தாள். முதலாளி இன்னும் உரக்கக் கத்தினார்.

"இந்த நாணயம் அறுபது போட்டேன், நாப்பதுதான் காட்டுது! திருட்டு!"

"இன்னொண்ணு கூடியிருக்கு சார். விலை மாறினா ரெண்டோட அளவும் மாறும்."

"அதை யாரு சொன்னா எனக்கு?"

சொன்னாள். திரையில் நான்கு பத்தி விளக்கம், கூடவே 'உறுதியா?' என்று மூன்று கேள்விகள். முதலாளி விரல் வைத்துப் படித்தார். நெற்றி வியர்த்தது. மூன்றாவது கேள்வியில் 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டார்.

"மூணு தடவ கேட்டா யாருக்கும்மா உறுதியா இருக்கும்?"

டிசைனருக்குப் புல்லரித்தது. வியர்வையைக்கூட வரவழைக்கிறாரே மனிதர்! இப்படியொருவர் சோதித்துத் தரக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நாலே முக்காலுக்கு அத்தனையையும் அழித்தாள். இடப்பக்கம் போட்டது, வலப்பக்கம் இப்போது கிடைப்பது. நடுவில் ஒரே வரி: 'விலை மாறியதால் அளவு மாறியிருக்கிறது.' கீழே, 'எல்லாவற்றையும் எடு.'

முதலாளி படித்தார். தலையாட்டினார். அமுக்கினார்.

'வந்துவிட்டது' என்றது திரை.

அவர் செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அறையே கை தட்டியது.

"உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்மா!" என்றவர், கைக்குட்டையால் முகத்தை மூடியபடி வெளியே விரைந்தார்.

"கடைசிவரைக்கும் அந்த நடிப்பை விடல பாரேன்!" என்று வியந்தாள் டிசைனர்.

கார்ச் சாவியுடன் வாசலில் நின்றிருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"நடிப்பா? இதை எடுக்கத் தெரியாம மூணு மாசமா பின்சீட்ல உக்காந்து தவிச்சாரு மேடம்... அது அவரு வீடு வித்த காசு!"